திருநெல்வேலி, நம் தெருச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அண்ணாச்சி அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்கள்தான் அதிகம் என்பதால் இந்த அறிக்கையை அச்சடித்து வீடு வீடாகக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

சுதந்திர தினம், குடியரசு தினம் இரண்டுக்கும் கொடியேற்றினோம். ஆனித் தேரோட்டத்துக்கு மோர்ப்பந்தல் வைத்தோம். அன்று வடம் அறுந்து அறுந்து நெல்லையப்பர் தேர் நின்றதில் மோர் சீக்கிரமே தீர்ந்துபோனது. தெருவிளக்குக்கு மனு கொடுத்தோம், பதில் இல்லை.

இனி, பிள்ளைகளுக்காகச் சங்கம் நடத்திய மே மாத ஆற்றுக் குளியல். போன பொதுக்குழுவில் ஒருவர், "ஆத்துல குளிக்கதுக்கு எதுக்குய்யா சங்கம்? தாமிரபரணி என்ன டிக்கெட்டா கேக்கு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பதிலை அன்று சொல்ல விடவில்லை, இன்று சொல்கிறேன்.

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆறு பழைய ஆறு இல்லை. முழங்கால் தண்ணீர் என்று நாம் நம்பியிருந்த இடத்தில் கசம், அதாவது ஆழமான மடு, விழுந்திருக்கிறது. கசம் இருந்த இடம் மணல் மேடாகக் கிடக்கிறது. பெரியவர்கள் நினைவை நம்பிப் பிள்ளைகளை இறக்க முடியாது. கொக்கிரகுளம், வண்ணார்பேட்டைப் பக்கம் சாக்கடை கலக்கிறது. அதனால் கொஞ்சம் மேலே, குறுக்குத்துறையில் இடம் பார்த்தோம். மூங்கில் கழியால் ஆழம் பார்த்து, உறைகிணறு இருக்கும் பக்கம் விலக்கி, குறுக்கே கயிறு கட்டினோம். உடைந்த பாட்டில், ஷாம்பூ பாக்கெட், ஊறிப்போன வேட்டி சேலை என்று கரையில் அள்ளியதைச் சொன்னால் சாப்பாடு இறங்காது.

அதன் பிறகுதான் நீச்சல். பாறையைப் பிடித்துக்கொண்டு காலடிப்பது, லாரி டியூப், அப்புறம் இடுப்பில் சுரைக்குடுக்கை. கட்டணம் கிடையாது. குளித்து ஏறிய பிள்ளைகள் மருத மரத்தடியில் கிட்டிப்புள் ஆடினார்கள், நுங்கு தின்று மிஞ்சிய கூந்தலில், அதாவது வெறும் கூட்டில், வண்டி செய்து உருட்டினார்கள். கோடை விடுமுறைக்குப் பணம் கட்டி எங்கெங்கோ போகும் ஊரில் இது காசில்லாமல் கிடைத்தது.

மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போனது. அன்றே ஆற்றில் இறங்குவதை நிறுத்தினேன். "இங்க வெயில்தான அடிக்கு?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. மழை பெய்வது மலையில். தண்ணீர் வருவது நம் படித்துறைக்கு. தண்ணீர் தெளிந்து நிலைக்கும் வரை மண்டபத்தில் தாயமும் பல்லாங்குழியும்தான். அந்த முடிவில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

மனத்தாங்கல் ஒன்று உண்டு. பிள்ளையை ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்று போனவர்கள் பலர். கரையில் நிற்க ஒப்புக்கொண்டு பெயர் கொடுத்தவர்களில் கடைசி வரை நின்றவர்கள் நான்கு பேர்; அதில் இருவர் நம் உறுப்பினரே இல்லை, பக்கத்துத் தெருக்காரர்கள். ஆறு இலவசம்தான். கயிறும் டியூபும் முதலுதவிப் பெட்டியும் சுக்குக் காப்பியும் இலவசம் இல்லை.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. கொஞ்சம் கைமாற்று இருக்கிறது. யாரிடம் என்று கேட்க வேண்டாம். விவரம் பொருளாளரிடம் உள்ளது. சந்தா பாக்கிப் பட்டியலைப் பலகையில் ஒட்டலாம் என்ற யோசனையைத் தலைவர் அண்ணாச்சி வேண்டாம் என்றதால் விட்டுவிட்டேன். தெரு முனையில் அலங்கார வளைவு வைக்காமல் கயிறு வாங்கியது ஏன் என்று கேட்டவர்களின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

தலைவர், பொருளாளர், கோயில் பணியாளர்கள், பதநீர் தந்து உதவியவர், ஒலிபெருக்கிக்காரர் அனைவருக்கும் நன்றி.

2024 டிசம்பரில் ஆறு மறுபடியும் பொங்கிக் குறுக்குத்துறைக் கோயிலைச் சூழ்ந்தது. ஆகவே போன வருட அளவு இந்த மே மாதத்துக்கு உதவாது; முதலிலிருந்து ஆழம் பார்க்க வேண்டும். செயலாளர் பொறுப்பை இளைஞர் யாராவது எடுத்துக்கொண்டால் மகிழ்ச்சியாகக் கொடுத்துவிடுவேன். யாரும் வரவில்லையென்றால், சரி, இருக்கிறேன். ஏப்ரல் கடைசி ஞாயிறு காலை ஆறு மணிக்குப் படித்துறைக்கு வாருங்கள். மூங்கில் கழி கொண்டுவருகிறேன். ரசீதுப் புத்தகமும் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்