கரையான் முந்துவதற்குள் பழைய பள்ளிப் பதிவேடுகளைப் படமெடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆகஸ்ட் 28, திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்டோர் உரிமைக்குப் போராடிய அய்யன்காளியின் பிறந்த நாள். அன்று கேரள எல்லையோரத் தமிழ்ப் பள்ளிகளில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 1893-இல் தடையை மீறிப் பொதுச்சாலையில் அவர் மாட்டுவண்டியில் போன வில்லுவண்டிப் பயணத்தோடு முடித்துவிடுகிறார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதற்காக நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஏலாக்களில் (நெல்வயல் பரப்புகளில்) மாதக்கணக்கில் புலையர்கள், அதாவது தீண்டாமைக்கு ஆளான வயல் தொழிலாளர்கள், வயலில் இறங்காமல் வேலைநிறுத்தம் செய்த வரலாறு விட்டுப்போகிறது.

புலையர் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று திருவிதாங்கூர் அரசு ஆணை போட்டும் ஊர்ப் பெரியவர்கள் விடவில்லை. ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியை அய்யன்காளி அழைத்துப்போய் உட்காரவைத்ததற்காகப் பள்ளிக்கே தீ வைத்தார்கள். தீயில் மிஞ்சிய பெஞ்சு இன்றும் அங்கே இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டினால் போதாது, வேலைநிறுத்தம் ஏன் பலித்தது என்பதையும் சொல்ல வேண்டும். நாற்றை 25, 30 நாளில் பிடுங்கி நட்டாக வேண்டும். நாற்பது நாள் தாண்டினால் நாற்றங்காலிலேயே கணு விட்டுவிடும். அப்புறம் நட்டாலும் தூர் கட்டாது. நட்ட வயலில் இருபதாம் நாள் களை எடுக்காவிட்டால் புல்தான் மிஞ்சும். கன்னிப்பூவோ கும்பப்பூவோ, இரண்டு நெல் போகங்களில் எதுவானாலும் பருவம் தவறினால் அந்தப் போகம் போனதுதான். உழைப்பவர்களின் அடுப்பும் எரிய வேண்டுமே! விழிஞ்ஞம் மீனவர்கள் படகுக்கு ஓர் ஆளாகச் சேர்த்துக்கொண்டு மீனில் பங்கு கொடுத்தார்கள். அதனால்தான் பட்டினி போட்டுப் பணியவைக்க முடியவில்லை. கடைசியில் மாஜிஸ்திரேட் கண்டல நாகம்பிள்ளை நடுவில் நின்று பேசி முடித்தார்.

அதன்பின் எந்தப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்பதற்குச் சான்று, சேர்க்கைப் பதிவேடுதான். இன்று குமரி மாவட்டத்தில் இருக்கும் விளவங்கோடும் கல்குளமும் முதலில் திருவிதாங்கூரிலும், 1949 முதல் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தவை. அங்கே மலையாளப் பள்ளிகளாக இருந்தவற்றின் பழைய ஏடுகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். எல்லைக்கு இருபுறமும் தலைமையாசிரியர்கள் இந்த ஆண்டே அவற்றைப் படமெடுத்து வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தாள் புரட்ட, மற்றவர் படமெடுக்க. முதுகு ஒடியாதபடி ஏட்டைப் பாதி திறந்து இருபுறமும் துணிச்சுருள் முட்டுக் கொடுங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். பிளாஷ் போட்டால் மங்கிய எழுத்து படத்தில் வெளுத்துவிடும். லேமினேஷன் செய்யவே கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளைக் கிழிக்காமல் பிரிக்க முடியாது. கிழிந்த இடத்தில் செல்லோடேப்பும் வேண்டாம். அதன் பசை மஞ்சளித்து எழுத்தை விழுங்கிவிடும். பழைய இரும்பு மை தானே தாளை அரிக்கும், ஈரம் சேர்ந்தால் இன்னும் வேகமாக அரிக்கும். ஆகவே எடவப்பாதி (ஜூன் மாதத் தென்மேற்குப் பருவ) மழைக்கு முன்பே வேலை முடிய வேண்டும். முடிந்ததும் பருத்தித் துணியில் சுற்றி, சுவரை ஒட்டாத இரும்பு அலமாரியில் வையுங்கள்.

தேதி மாற்றுவதில்தான் அதிகம் தவறுகிறார்கள். ஏடுகளில் இருப்பது மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டு. அது பிறப்பது சிங்கத்தில், அதாவது நம் ஆவணியில். சிங்கம் முதல் டிசம்பர் முடிய 824-ஐயும், ஜனவரியிலிருந்து 825-ஐயும் கூட்ட வேண்டும். 1089 சிங்கம் என்றால் 1913 ஆகஸ்ட். அதே 1089 மீனம் (நம் பங்குனி) என்றால் 1914. எல்லாவற்றுக்கும் 825 கூட்டினால் நாலரை மாதப் பதிவுகள் ஓராண்டு தள்ளிப்போய்விடும். படத்தின் பெயரில் கொல்லம் ஆண்டையே எழுதிவிட்டு, ஆங்கில ஆண்டைப் பக்கத்தில் தனியாகக் குறியுங்கள்.

இப்படிக்கு,
எல்லையோர வாசகர்கள்,
பாறசாலை