அந்த நாலு பேரை எழுதுவது நீங்கள்தான்

தொடர் எழுதுபவர்களுக்கும் இயக்குபவர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் ஒரு தொடரில் கணவன் மனைவியை அறைந்தான். இசை ஓங்கி அடங்கியது. கூடத்தில் நின்றிருந்த நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். காட்சி மாறிவிட்டது. எங்களோடு உட்கார்ந்திருந்த குழந்தை சட்டென்று திரும்பி எங்கள் முகங்களைப் பார்த்தது. நாங்களும் வாயைத் திறக்கவில்லை. சரி, இது இப்படித்தான் போலிருக்கிறது என்று அது எடுத்துக்கொண்டிருக்கும். இந்த மடலை எழுத வைத்தது அந்தப் பார்வைதான்.

"கதையைப் பார்த்து யார் திருந்தப் போகிறார்கள், யார் கெடப் போகிறார்கள்?" என்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம் மனசு சொல்வது ஒன்று, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று நாம் நினைப்பது இன்னொன்று. பெரும்பாலும் அந்த நாலு பேருக்குப் பயந்துதான் நடக்கிறோம்.

ஆப்பிரிக்காவின் ருவாண்டாவில் 1994-ல் ஒரு வானொலி, வேற்று இனத்தவர் என்று பக்கத்து வீட்டாரையே கொல்லச் சொல்லித் தூண்டியது. அதே நாட்டில் 2004-ல், பகைத்துக்கொண்ட இரண்டு ஊர்களைப் பற்றிய வானொலி நாடகம் ஒன்று தொடங்கியது. உளவியலாளர் எலிசபெத் லெவி பாலக் அதை ஓராண்டு ஆராய்ந்தார். படுகொலையில் தப்பியவர்கள், சிறைக் கைதிகள், த்வா என்ற சிறுபான்மை இனத்தவர் எனப் பலதரப்பட்டவர்கள் குழுக்களாக உட்கார்ந்து கேட்டார்கள். 2009-ல் முடிவு வெளியானது. சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. ஆனால் கலப்பு மணத்திலும், மாற்றுக் கருத்தை வெளிப்படையாகச் சொல்வதிலும் தங்கள் மக்கள் எப்படி நடப்பார்கள் என்ற எண்ணம் மாறியிருந்தது. கடைசியில் வானொலிப் பெட்டியும் கேசட்டுகளும் பரிசாகக் கிடைத்தபோது, வேறு நாடகம் கேட்ட குழுக்கள் பெரும்பாலும் ஊர்ப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்தன. இந்த நாடகம் கேட்டவர்களோ, எல்லாருமாகச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாமே என்று பேச ஆரம்பித்தார்கள்.

மெக்சிகோவின் ஒஹாகா மாநிலத்தில் எரிக் அரியாஸ் செய்த ஆய்வும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. பெண்கள் மீதான வன்முறையைக் கண்டிக்கும் வானொலி நாடகம் அது. தனியாக சிடியில் கேட்டவர்களிடம் மாற்றம் தெரியவில்லை. ஊரோடு ஒலிபெருக்கியில் கேட்டவர்களிடம் தெரிந்தது. அடுத்தவரும் இதைக் கேட்டிருக்கிறார் என்பது தெரிந்த பிறகுதான் ஒருவருக்குத் துணிச்சல் வருகிறது. அவரவர் போனில் அவரவர் உலகம் என்று ஆகிவிட்ட இந்தக் காலத்தில், வேறு வேறு சமூகத்தார் ஒரே நேரத்தில் பார்ப்பது உங்கள் தொடர் மாதிரி ஒருசிலதான்.

அறையும் காட்சியை எடுத்துவிடச் சொல்லவில்லை. வீடுகளில் நடக்கிறது, காட்டுங்கள். அப்புறம் அந்த நாலு பேரில் ஒருவர் "கையை இறக்கு" என்று சொல்லட்டும். நாயகன் வேண்டாம், ஐந்து நிமிட அறிவுரை வேண்டவே வேண்டாம். வீட்டுப் பெரியவர் போதும். எப்போதும் திருடனாகவோ வேலையாளாகவோ மட்டுமே நீங்கள் காட்டும் சமூகத்திலிருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரர் என்றால் இன்னும் நல்லது.

குழந்தை மறுபடி எங்கள் முகத்தைப் பார்க்கும்போது நானும் ஏதாவது சொல்லத்தான் நினைக்கிறேன். உங்கள் கூடத்தில் ஒருவர் முதலில் பேசிவிட்டால் எங்கள் வீட்டில் எனக்கும் வாய் வரும்.

அன்புடன்,
தினமும் பார்க்கும் ஒருவர்