தாளில் எழுதிக் கொடுக்காதீர்கள், ஐயா

மாவட்டக் காசநோய்ப் பிரிவு அதிகாரிகளுக்கு வணக்கம்.

மார்ச் 24 அன்று உங்கள் காசநோய் தின விழாவில் பொன்னாடை வாங்கிக்கொண்டு இறங்கினவள் எழுதுகிறேன். அன்றைக்கு நான் பேசினதாக உங்கள் அறிக்கையில் எழுதியிருப்பீர்கள். நீங்கள் கொடுத்த தாளில் இருந்த நாலு வரியைத்தான் வாசித்தேன். "அரசின் சிறப்பான சிகிச்சையால் பூரண குணமடைந்தேன், அனைவருக்கும் நன்றி." இதைச் சொல்ல நான் எதற்கு, உங்கள் மைக்செட்காரரே சொல்லியிருப்பாரே.

முந்தின வாரம் நான் சொல்ல நினைத்ததை உங்கள் ஆபீஸில் சொல்லிக் காட்டினேன். அங்கிருந்த சார் கேட்டுவிட்டு, "கலெக்டர் வர்றார்மா, ஒண்ணுக்கு அது இதுன்னு மேடையில வேண்டாம்" என்றார். சரி, மேடையில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

மாத்திரை ஆரம்பித்தபோது என் எடை 41 கிலோ, தினம் மூன்று மாத்திரை. முதல் நாள் போட்டுச் சில மணி நேரத்தில் சிறுநீர் சிவப்பாகப் போனது. ரத்தம் என்றே நினைத்தேன். மாத்திரை குடலை அறுக்கிறது, இன்னும் ஆறு மாசம் போட்டால் செத்துவிடுவேன் என்று முடிவுகட்டி, பட்டையை அரிசி டப்பாவுக்குள் செருகி வைத்துவிட்டு, போன் வந்தபோதெல்லாம் "போட்டுட்டேன் சார்" என்று ஒன்பது நாள் பொய் சொன்னேன். மாத்திரையை இப்படி நிறுத்தினால் கிருமிக்கு மருந்து பழகிவிடும், பிறகு அதே மருந்து கேட்காது என்றெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. நோட்டீஸ் என் கையில் இருந்தது. அதில் இருமுகிற ஆள் படம் இருந்தது, உங்கள் துறையின் சின்னம் இருந்தது, சிறுநீர் மட்டும் இல்லை.

பத்தாவது நாள் ஆரம்ப சுகாதார நிலையத்து வரிசையில், மாத்திரையை முழுசாக முடித்த ஒரு அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். சிரித்துவிட்டார். "அது மாத்திரைச் சாயம்டி, ரத்தம் இல்ல. எனக்கு வேர்வையே அப்படித்தான் இருந்துச்சு." சாயப்பட்டறை ஊர்க்காரிக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? வீட்டுக்குப் போன கையோடு மூன்றையும் விழுங்கினேன்.

அந்த ஒரு வரியைத்தான் மேடையில் சொல்ல வந்தேன் ஐயா. எங்கள் பேச்சை எழுதிக் கொடுக்காதீர்கள் என்று நான் கேட்பது அதற்காகத்தான்.

விழா முடிந்து டீ வாங்க நின்றபோது ஒரு பெண் பக்கத்தில் வந்து, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் சிவப்பாப் போச்சாக்கா?" என்று கேட்டாள். நான் வாசித்த நாலு வரியில் அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, டீக்கடையில்தான் கிடைத்தது.

அமிதாப் பச்சன் தனக்கு முதுகெலும்பில் காசநோய் வந்ததைச் சொன்னால் நாடே கேட்கிறது. நல்லது, அவர் சொன்னதால் எத்தனையோ பேருக்குக் கூச்சம் விட்டிருக்கும். ஆனால் அவர் வீட்டில் அவருக்குத் தனி டம்ளர் வைத்தார்களா என்று எனக்குத் தெரியாது. எனக்கு வைத்தார்கள், பிடியில் சிவப்பு நூல் கட்டி. வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தாலும் சானடோரியத்தில், அதாவது காசநோய் ஆஸ்பத்திரியில், தங்கினால் போலவே குணமாகும், அதனால் வீட்டிலிருப்பவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றுவதில்லை என்று காட்டிய ஆய்வு 1956இல் தொடங்கியது நம் சென்னையில்தான். அந்தச் சேதி எங்கள் மாமியார் வரைக்கும் இன்னும் வந்து சேரவில்லை. 2025க்குள் ஒழிப்போம் என்று எத்தனை மார்ச்சில் ஃபிளெக்ஸ் பார்த்தோம்! பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெயிலில் பேரணி விட்டோம், உறுதிமொழி எடுத்தோம், மிக்சர் சாப்பிட்டோம்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். சத்துணவுக்கு மாதம் 500 ரூபாயாக இருந்ததை 2024 நவம்பரிலிருந்து 1000 ஆக்கியிருக்கிறார்கள், அதற்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது. எனக்கு மருந்து கொடுத்த நர்சம்மாவை இன்றைக்கும் கும்பிடுகிறேன்.

இன்னொன்று. என் போட்டோவைப் பேரோடும் ஊரோடும் வாட்ஸப்பில் சுற்ற விட்டீர்கள். மேடை ஏறச் சம்மதித்தேன்தான். ஆனால் வீட்டுக்காரம்மா போனில் என் படம் வருவதற்குச் சம்மதித்தேனா? அடுத்த முறை ஒரு வார்த்தை கேளுங்கள். முகம் காட்ட மாட்டேன் என்கிறவரைக் குரலை மட்டும் பதிவு செய்து போடுங்கள், அதுவும் போதும்.

அடுத்த கூட்டத்துக்கும் கூப்பிட்டால் வருகிறேன். மேடை வேண்டாம், மருந்து வாங்கும் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு போட்டால் போதும். புதிதாக மாத்திரை ஆரம்பிக்கிறவர்களோடு பத்து நிமிஷம் பேச விடுங்கள். தாள் மட்டும் கொடுக்காதீர்கள், தயவுசெய்து. பொன்னாடையும் வேண்டாம், போன தடவை போட்டதே பீரோவில் கிடக்கிறது. அரை ஷிப்ட் சம்பளம் போகும் என்பதால் இரண்டு நாள் முன்னாடி சொல்லிவிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும், டிபி வந்து போன ஒருத்தி