வாடிய செடிக்கெல்லாம் பூஞ்சை மருந்தா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு வீட்டுத் தோட்டப் பகுதியில், கத்திரியும் மிளகாயும் திடீரென்று வாடினால் பூஞ்சைதான் காரணம், வேரில் பூஞ்சை மருந்தை ஊற்றினால் சரியாகிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. இதே யோசனையைக் கேட்டுத்தான் மூன்று வருடத்துக்கு முன்னால் 60 கத்திரிச் செடிகளைப் பறிகொடுத்தேன்.

பினாங்கு நிபோங் திபாலில் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் வைத்திருக்கிறேன். அப்போது செடியில் பிஞ்சு விட்டிருந்த நேரம். காலையில் நன்றாக நின்ற செடி மத்தியானம் தலை தொங்கிவிடும், சாயங்காலம் மறுபடி நிமிரும். மூன்றாம் நாள் நிமிரவேயில்லை. இலை மஞ்சளாகவும் இல்லை, பச்சையாகவே துவண்டு கிடந்தது. மருந்துக் கடையில் சொன்னேன், பூஞ்சை மருந்து கொடுத்தார்கள், 85 வெள்ளி (ரிங்கிட்). சொன்ன அளவில் கலந்து ஊற்றினேன். வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தது.

பக்கத்து நிலத்துச் சீனப் பெரியவர்தான் வந்து பார்த்தார். அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடிக் கிளாஸில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை மட்டும் முங்கும்படி பிடித்தார். இரண்டு மூன்று நிமிடத்தில் அந்த முனையிலிருந்து பால் நூல் போல வெள்ளையாக இறங்கியது. அது பாக்டீரியா வாடல். ரால்ஸ்டோனியா என்ற கிருமி, தண்டுக்குள் தண்ணீர் ஏறும் குழாயை அடைத்துவிடுகிறது. ஃபுசேரியம் பூஞ்சையாலும் செடி வாடும், ஆனால் அதில் அடியிலை மஞ்சளாகி மெதுவாகத்தான் வாடும், பாலும் இறங்காது. பூஞ்சை மருந்துக்கு பாக்டீரியா சாகாது என்பது நீங்கள் அறியாததல்ல.

அதற்குள் நான் செத்த செடிகளைப் பிடுங்கிய மண்வெட்டியாலேயே மிளகாய்ப் பாத்தியையும் கொத்திவிட்டிருந்தேன். அதுவும் போனது. பிடுங்கி எரியுங்கள், மண்வெட்டியைக் கழுவுங்கள், அந்த இடத்தில் கத்திரி, தக்காளி, மிளகாய் வைக்காமல் சோளம் போடுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. இப்போது சுண்டைக்காய்ச் செடியில் கத்திரியை ஒட்டுக்கட்டி நடுகிறேன், நிற்கிறது.

பப்பாளிக்கும் இதே கதைதான். 2003இல் ஜொகூரில் தலைகாட்டிய கொண்டை அழுகல் பாக்டீரியாவால் வருவது. அதைப் பற்றி உங்கள் பகுதியில் ஒரு வரி வந்ததில்லை. ஆனால் 'ஆடிப்பட்டம் தேடி விதை' மட்டும் வருடா வருடம் வருகிறது. ஐயா, அது தமிழ்நாட்டு மழைக்குச் சொன்னது. பினாங்கில் ஆடியில் விதைத்தால், நாற்று வேர் பிடித்து எழும்பும்போது செப்டம்பர், அக்டோபர் மழை கொட்டும். பாத்தியில் தண்ணீர் தேங்கினால் இந்த வாடல் எப்படிப் பரவும் என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். இதை எழுதி இரண்டு கடிதம் போட்டேன். அச்சில் வரவில்லை, பதிலும் வரவில்லை.

ஒரு செடிக்காக ஏன் இவ்வளவு என்று நினைக்கலாம். என் அம்மா தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்த்தவர். முதுகில் மருந்துத் தோம்பு, கையில் உறை கிடையாது, சேலைக்கு மேல் ஒரு பழைய சட்டை. வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் அந்த வாடை போகாது. விரல் நகமெல்லாம் வெடித்திருக்கும். அவர் அடித்த பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020இல்தான் மலேசியாவில் தடை செய்தார்கள், அதைப் பார்க்க அம்மா இல்லை. அதனால் 'மருந்தை ஊற்றிப் பாருங்கள்' என்பது எனக்குச் சாதாரணப் பேச்சில்லை. தேவையில்லாத இடத்தில் ஒரு மூடி மருந்துகூட ஊற்றச் சொல்லக்கூடாது. உங்கள் பத்திரிகையை நம்பித்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் கடைக்குப் போய் மருந்து கேட்கிறார்கள்.

நான் கேட்பது பெரிதில்லை. அடுத்த ஞாயிறு அதே பகுதியில் நாலு வரித் திருத்தம் போடுங்கள். அந்தக் கிளாஸ் தண்ணீர்ச் சோதனையைப் படத்தோடு போட்டால் இன்னும் நல்லது. படம் இல்லையென்றால் நானே எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
நீண்ட கால வாசகி,
நிபோங் திபால், பினாங்கு