குளோரியஸ் பூங்காவில் எங்கள் அப்பாவைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

அன்புள்ள பார்சிலோனா மக்களுக்கு,

திருப்பூரிலிருந்து வணக்கம். 2025 அக்டோபர் 18, சனிக்கிழமை மதியம், குளோரியஸ் பூங்காவின் பெரிய புல்வெளி ஓரத்தில் சட்டையெல்லாம் நனைந்து, கை நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே ஒரு பெரியவர், அவருடைய மகன் நான். உங்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அன்று இருந்த பதற்றத்தில் கேட்கத் தோன்றவில்லை. தமிழில் எழுதினால்தான் எனக்கு மனசில் இருப்பது முழுதாக வரும். அதனால் இப்படியே எழுதுகிறேன். பார்சிலோனாவில் இருக்கும் என் தங்கை இதை ஸ்பானிஷில் எழுதிக் கையோடு எடுத்து வருவாள்.

நடந்தது என்னவென்று மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 74 வயது. சுகர் உண்டு. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு துண்டு பிரெட் மட்டும் சாப்பிட்டிருந்தார். தங்கை வேலைக்குப் போய்விட்டாள். நானும் அப்பாவும் தங்கையின் ஒன்பது வயது மகளும் பூங்கா இருக்கும் குளோரியஸ் சதுக்கத்தை ஒட்டிய என்கான்ட்ஸ் சந்தைக்குப் போனோம். பழைய சாமான்கள் மலையாகக் குவிந்திருக்கும் சந்தை அது. மேலே கண்ணாடி மாதிரி மின்னும் கூரை. அண்ணாந்து பார்த்தால் கீழே நடக்கும் வியாபாரம் முழுக்க தலைகீழாகத் தெரியும். அப்பா அண்ணாந்தே பார்க்கவில்லை. முப்பது வருடம் லாரி ஓட்டியவர், திருப்பூருக்கும் தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் பனியன் சரக்கு ஏற்றி நடையடித்தவர். பழைய ஸ்பேனர் குவியலைப் பார்த்ததும் குத்த வைத்து உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, வாயை விரலால் தடவிப் பார்த்து, கடைசியில் ஒன்றை வாங்கும்போது மணி ரெண்டாகப் போகிறது. சாப்பாட்டு நேரத்தைத் தவறவிட்டது முழுக்க என் தப்பு.

பூங்காவுக்குள் வந்து பத்து நிமிடம் நடந்திருப்போம். "கண்ணு, காலு என்னமோ பஞ்சு மாதிரி இருக்குது" என்றார். திரும்பிப் பார்த்தால் நெற்றியெல்லாம் வியர்வை. பேச்சு குழறுகிறது. சுகர் இறங்கிவிட்டது என்று தெரிந்துவிட்டது. பையில் தேடினால் ஒரு சாக்லேட்கூட இல்லை. எப்போதும் வைத்திருக்கும் மிட்டாய் டப்பாவை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு போன அம்மா, உங்களுக்குத்தான் முதல் நன்றி. எங்கள் குட்டி உங்களிடம் ஓடி வந்து என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அவள் சொல்லி முடிக்கும் முன்பே வண்டியின் கீழ்க்கூடையிலிருந்து ஒரு பீச் ஜூஸ் டப்பாவை எடுத்து, ஸ்ட்ரா குத்தி, அப்பாவின் கையில் கொடுக்காமல் வாயிலேயே வைத்தீர்கள். கை நடுங்குகிறதே, அதைப் பார்த்துவிட்டுச் செய்தீர்கள். வண்டியில் இருந்த உங்கள் பையன் தன் ஜூஸ் போவதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அழவில்லை. காலி டப்பாவை வாங்கி ஒருமுறை உறிஞ்சிப் பார்த்துவிட்டு வைத்துக்கொண்டான்.

அப்புறம், காபிக் கடையிலிருந்து சர்க்கரைப் பொட்டலங்களைக் கைநிறைய அள்ளிக்கொண்டு ஓடி வந்த இளைஞர். செடிகளுக்கு நடுவில் வேலை பார்த்துக்கொண்டிருந்து, கையுறையைக் கழற்றிவிட்டு அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்ட தோட்டக்கார அக்கா. "112க்குப் போடட்டுமா?" என்று அவர் இரண்டு முறை கேட்டதாகக் குட்டி சொன்னாள். கால்மணி நேரம் பார்க்கலாம் என்றேன். அந்தக் கால்மணி நேரமும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கால்மணி நேரத்தில் அப்பாவுக்கு முகம் தெளிந்தது. அவர் முதலில் கேட்டது "ஸ்பேனரு எங்க?"

நாயோடு வந்த தாத்தாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் குட்டி உங்களை 'அவி' என்றாள். உங்கள் ஊர் மொழியான கத்தலானில் தாத்தா என்று அர்த்தமாம். எல்லோரும் போன பிறகும் நீங்கள் போகவில்லை. அப்பாவை உடனே நடக்க விடக்கூடாது என்று சொல்லிப் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள். குட்டி மொழிபெயர்க்க, நீங்களும் அப்பாவும் பேசியதைப் பக்கத்திலிருந்து கேட்டது எனக்குக் கிடைத்த பாக்கியம்.

ஒன்று உங்களிடம் அன்று சொல்லவில்லை. நான் இந்த இடத்துக்கு முன்பே வந்திருக்கிறேன். 2011 செப்டம்பரில் ஜவுளி இயந்திரக் கண்காட்சியான இட்மா பார்சிலோனாவில் நடந்தபோது, நிட்டிங் மெஷின் பார்ப்பதற்காகத் திருப்பூரிலிருந்து வந்தோம். ஒருநாள் சாயங்காலம் தனியாகச் சந்தையைத் தேடிக்கொண்டு குளோரியஸ் மெட்ரோவிலிருந்து மேலே ஏறினேன். தலைக்கு மேல் வட்டமாக ஒரு மேம்பாலம், சுற்றிலும் தூண்கள், எந்தப் பக்கம் திரும்பினாலும் வண்டிகள். கையில் வரைபடம் இருந்தும் சாலையைத் தாண்ட வழி தெரியவில்லை. யாரிடமாவது கேட்கலாமென்றால் நிற்பவர் ஒருவருமில்லை. அங்கே நிற்க இடமே கிடையாது. சந்தையைப் பார்க்காமலே திரும்பிப் போனேன். அன்று அப்பாவோடு வந்திருந்தால் அவரை எங்கே உட்கார வைத்திருப்பேன் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

தாத்தா, நீங்கள் அந்த மேம்பாலத்தை 'தம்போர்' என்று சொன்னதும் அப்பா சிரித்துவிட்டார். மேளம்! 1992 ஒலிம்பிக்ஸை ஒட்டிக் கட்டியது என்றீர்கள். ஜன்னலைத் திறந்தால் அந்த மேளம் ராத்திரி பகலாக அடித்துக்கொண்டிருக்கும் என்றீர்கள். 1859இல் இந்த நகரத்துக்குத் திட்டம் போட்ட இல்தெஃபோன்ஸ் சர்தா, தியாகொனால், கிரான் வியா, மெரிதியானா என்ற மூன்று பெருஞ்சாலைகள் சேரும் இந்த இடம்தான் புது பார்சிலோனாவுக்கு நடுமையமாக வரப்போகிறது என்று கணக்குப் போட்டார். மூன்று சாலையும் வந்து சேர்ந்தன. கூடவே வண்டிகள் வந்து இடத்தை நிரப்பிவிட்டன, மனிதர்கள் வரவில்லை. நீங்கள் சொன்னதில் எனக்குள் நின்றது இதுதான்.

அப்பாவுக்கு இருந்தது வேறு சந்தேகம். "அத்தன வண்டியும் இப்ப எங்க போகுதுன்னு கேளு அம்மிணி" என்றார். நீங்கள் பதில் சொல்லாமல் செருப்புக் காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டினீர்கள். கீழே! கிரான் வியாவின் வண்டிகள் காலடியில் சுரங்கப்பாதையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு திசை 2021 நவம்பரிலும் மறு திசை 2022 ஏப்ரலிலும் திறந்தார்களாம். அப்பா குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தார். அதிர்வு தெரியவில்லை. லாரிக்காரர் ஒருவர் ஒரு சாலையை அப்படித் தொட்டுப் பார்ப்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அந்தச் சுரங்கம் தோண்டும்போது ரெக் கொம்தால் என்ற பழைய வாய்க்காலின் மிச்சங்கள் வெளியே வந்த கதையையும் சொன்னீர்கள். நொய்யல் கரையில் பிறந்தவருக்கு வாய்க்கால் என்ற சொல் போதுமே! அதற்கு எங்கிருந்து தண்ணீர் வந்தது, யார் பாய்ச்சினார்கள் என்று குட்டியைப் போட்டுத் துளைத்துவிட்டார்.

உங்கள் மூலமாக, நான் பார்க்காத பலருக்கும் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் பூங்கா யாரோ மேலிருந்து தூக்கிக் கொடுத்ததில்லை, சுற்றியிருக்கும் குடியிருப்புச் சங்கங்கள் வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டு வாங்கியது என்று சொன்னீர்கள். மாநகராட்சியும் குடியிருப்போரும் சேர்ந்து 2007இல் ஓர் உடன்பாடு போட்டார்கள். 2014இல் மேம்பாலத்தை இடித்தார்கள். 2019இல் இந்தப் புல்வெளி, கிரான் கிளாரியானா, திறந்தது. பூங்கா முழுசாக மக்கள் கைக்கு வந்தது 2025 ஏப்ரலில். உடன்பாட்டிலிருந்து எண்ணினால் பதினெட்டு வருடம். அந்தக் கூட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தவர்களில் சிலர் இன்று இல்லை என்று சொல்லும்போது உங்கள் குரல் தணிந்தது. அதை மட்டும் குட்டி மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. வேலை நாளின் சாயங்காலத்தில், களைத்து வந்த பிறகும், ஏதோ ஒரு அறையில் வரைபடத்தைச் சுற்றி உட்கார்ந்து "இங்கே மரம் வேண்டும், இங்கே பெஞ்சு வேண்டும்" என்று விடாமல் பேசியவர்களே, நீங்கள் கேட்டு வாங்கிய ஒரு பெஞ்சில்தான் எங்கள் அப்பா உட்கார்ந்தார்.

பூங்காவை வடிவமைத்த ஏஜென்ஸ் டெர், அனா கோயெல்லோ குழுவினருக்கும் நன்றி. அந்தப் பெஞ்சுக்கு நிழல் கொடுத்த மரம் இன்னும் இளசு, நிழல் ஒரு ஆளுக்கும் கொஞ்சம் கூடத்தான் இருந்தது. போதுமாக இருந்தது.

திரும்பும்போது புல்லுக்கு நடுவில் டிராம் சத்தமில்லாமல் வந்தது. "தண்டவாளத்துல புல்லு வளத்திருக்கறாங்க கண்ணு" என்று அப்பா நின்று பார்த்தார். எதிரே அந்த உயரமான கண்ணாடிக் கோபுரம். வெள்ளரிக்காயை நட்டு வைத்தது மாதிரி இருக்கிறது என்றார். பேச்சு பழையபடி வந்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் நிம்மதி.

அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். மாத்திரை அளவை டாக்டர் குறைத்திருக்கிறார். ஸ்பேனர் மண்ணெண்ணெயில் ஊறிச் சுத்தமாகி, டிவி மேசை மேல் இருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் "ஒரு நாயி தாத்தா" பற்றிச் சொல்கிறார். அந்த நாயின் பெயரைத்தான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை என்று ஒரே வருத்தம்.

ஜூஸ் கொடுத்த அம்மாவுக்கு ஒரு செய்தி. உங்கள் பையனுக்கு இரண்டு வயதிருக்கும் என்பது என் கணக்கு. எங்கள் யூனிட்டில் தைத்த பருத்திப் பனியன் நான்கு, கழுத்தில் உறுத்தாமல் இருக்க லேபிள் வைக்காமல் தைக்கச் சொல்லி, தங்கைக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு சைஸ் கூடவே போட்டிருக்கிறேன், பிள்ளைகள் சீக்கிரம் வளர்ந்துவிடுவார்கள். தங்கையும் குட்டியும் சனிக்கிழமைகளில் அதே நேரத்துக்கு அதே பெஞ்சில் இருப்பார்கள். கையில் ஒரு பீச் ஜூஸும் இருக்கும்.

நன்றியுடன்,
ஸ்பேனர் தாத்தாவின் மகன்,
திருப்பூர்