'பொறு' என்றால் எதுவரை பொறுப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பந்தைக் கீழ்க்கையால் மெதுவாக வளைவாக எறியும், பேஸ்பால் போன்ற ஆட்டமான ஸ்லோ பிட்ச் சாஃப்ட்பாலில் பேட்டர் களத்தில் நிற்கும்போது அவரது அணியினர் எல்லோரும் கத்துவது ஒரே சொல்தான்: 'பொறு, பொறு!' சொல்வதில் தவறில்லை. ஆனால் எதைப் பார்த்துப் பொறுக்க வேண்டும், எந்தக் கணத்தில் கிளம்ப வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. வேகப் பந்துகளை விளாசக்கூடியவர்கள்கூட இந்த மெதுவான பந்தில் எளிய கேட்ச் கொடுத்து வெளியேறுவது அதனால்தான். உங்கள் விளையாட்டுப் பக்கத்தைப் பயிற்சியாளர்களும் படிப்பதால் இதை எழுதுகிறேன்.

பெரியவர்கள் ஆட்டத்தில் பிட்ச்சர், அதாவது பந்து எறிபவர், நிற்பது 50 அடி தொலைவில். பந்து தரையிலிருந்து எவ்வளவு உயரம் எழும்பலாம் என்பது போட்டி நடத்தும் அமைப்புக்கு அமைப்பு மாறும்; 6 அடி முதல் 10 அடி வரை என்பது பரவலாக உள்ள ஒரு விதி. 3 அடி உயரத்தில் கையை விட்டுக் கிளம்பும் பந்தை அதே 3 அடி உயரத்தில் அடிப்பதாக வைத்துக்கொண்டு, காற்றின் தடையைக் கழித்துக் கணக்குப் போடுங்கள். 6 அடி எழும்பும் பந்து உச்சியிலிருந்து பேட்டுக்கு இறங்க சுமார் 0.43 நொடி ஆகும். 10 அடி எழும்பும் பந்துக்கு 0.66 நொடி. வித்தியாசம் 0.23 நொடி. பேட் முன்னோக்கிக் கிளம்பிப் பந்தைத் தொடவே கிட்டத்தட்ட 0.2 நொடிதான் ஆகிறது. ஆக, தாழ்ந்த பந்துக்குப் பழகிய தாளத்திலேயே உயர்ந்த பந்துக்கும் கிளம்புகிறவர் ஒரு முழு ஸ்விங் அளவுக்கு முந்திவிடுகிறார். பிட்ச்சர் அதற்காகத்தான் உயரத்தை மாற்றி மாற்றிப் போடுகிறார்.

எனவே நேரம் பார்க்க வேண்டிய இடம் பிட்ச்சரின் கை அல்ல, பந்தின் உச்சி. பந்து மேலே ஏறும்வரை உடல் அமைதியாக இருக்கட்டும்: எடை பின்காலில், கைகள் பின்தோளருகே, பிடி இறுகாமல். தாழ்ந்த பந்து என்றால் அது உச்சியைத் தொட்டதுமே முன்காலை எடுத்துவைக்கத் தொடங்க வேண்டும். உயர்ந்த பந்து என்றால் உச்சி கடந்தபின் ஒரு சொடக்குப் போடும் நேரம் காத்திருந்து கிளம்ப வேண்டும். காலை வைப்பதற்கு 0.2 நொடி, ஸ்விங்குக்கு 0.2 நொடி என்று கொண்டால் கணக்கு சரியாக வரும். கால் தரையில் மெல்லப் படிய வேண்டும். எடை அதோடு சேர்ந்து முன்னால் ஓடிவிடக் கூடாது. ஓடிவிட்டால் மிஞ்சுவது கையின் பலம் மட்டும்தான்.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேட்டர்கள் பந்தோடு சேர்ந்து தலையையும் தூக்குகிறார்கள். மோவாய் உயர்ந்ததும் முதுகு வளைகிறது, எடை குதிகாலுக்குப் போகிறது, பந்து இறங்கும்போது தலையும் இறங்குவதால் உயரக் கணிப்பு குலைகிறது. தலை அசையாமல் கண் மட்டும் மேலே போய் வந்தால் போதும்.

10 அடிப் பந்து பேட்டருக்கு அருகே வரும்போது நூறில் ஒரு பங்கு நொடியில் சுமார் 4.5 அங்குலம் முன்னோக்கி நகர்கிறது. ஒவ்வோர் அடி தூரத்துக்கும் சுமார் 6.7 அங்குலம் கீழே இறங்குகிறது. முந்தினால் பந்து இன்னும் மேலேயும் தள்ளியும் இருக்கும். பேட் அதன் அடிவயிற்றைத் தட்டிக் கேட்ச் ஆகும், அல்லது மணிக்கட்டு புரண்டு பந்து தரையில் உருளும். பிந்தினால் எதிர்ப்பக்க எல்லைக்கோட்டுக்கு வெளியே போகும் ஃபவுல். இரண்டு ஸ்ட்ரைக்குக்கு (வீணான வாய்ப்புக்கு) பின் ஃபவுல் அடித்தால் அவுட் என்ற விதி பல போட்டிகளில் இருப்பதால் அதுவும் சின்ன விஷயமில்லை. பேட்டை மேலிருந்து கீழே வெட்டினால் பந்தின் பாதையை ஒரே புள்ளியில்தான் சந்திக்கும். லேசாக மேல்நோக்கிச் சுழற்றினால் அந்தப் பாதையோடு சற்று நேரம் சேர்ந்து பயணிக்கும். சிறு டைமிங் பிழையையும் அது பொறுத்துக்கொள்ளும். உடலுக்கு அருகே வரும் பந்தை முன்காலுக்கு முன்னால் சந்தியுங்கள். வெளிப்பக்கப் பந்தை இன்னும் உள்ளே வரவிட்டு அடியுங்கள்.

நிற்கும் இடமும் கைகொடுக்கும். பேட்டர் நிற்கக் கோடு போட்ட கட்டமான பேட்டர்ஸ் பாக்ஸின் நீளம் 7 அடி. தட்டையாக வரும் பந்துக்கு பாக்ஸின் பின்பகுதியில் நின்றால் நேரம் கூடும். உயரமாக எழும்பி ஹோம் பிளேட் (பேட்டர் அருகே தரையில் பதித்த தட்டு) அருகே சரேலென விழும் பந்துக்கு பாக்ஸின் முன்பகுதிக்கு ஏறி நின்றால், முழங்காலுக்குக் கீழே போகுமுன் அடித்துவிடலாம்.

பயிற்சியில் செய்யும் பெரிய தவறு, நாள் முழுதும் ஒரே உயரத்தில் பந்து போட்டுக் கொடுப்பது. பேட்டர் அந்த ஒரு தாளத்தை மனப்பாடம் செய்கிறார், அவ்வளவுதான். பாதித் தொலைவில், 25 அடியில், இரண்டு கம்பங்கள் நட்டு 6 அடியிலும் 10 அடியிலும் கயிறு கட்டுங்கள். முதல் 10 பந்துக்கு ஸ்விங் வேண்டாம். பந்து உச்சி தொடும்போது 'உச்சி' என்றும், அடிக்க வேண்டிய கணத்தில் 'அடி' என்றும் பேட்டர் வாய்விட்டுச் சொல்லட்டும். பிறகு 20 பந்து, முன்கூட்டி அறிவிக்காமல் உயரத்தை மாற்றி.

நொடிக்கு 240 படம் எடுக்கும் போன் இருந்தால் பக்கவாட்டில் வைத்துப் பதிவு செய்யுங்கள். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 0.004 நொடி. முன்கால் தரையில் படிவதிலிருந்து பேட் பந்தைத் தொடும்வரை எத்தனை படம் என்று தாழ்ந்த பந்துக்கும் உயர்ந்த பந்துக்கும் தனித்தனியே எண்ணுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். உயர்ந்த பந்துக்கு எண்ணிக்கை வெகுவாகக் கூடினால், காலை முன்பே வைத்துவிட்டுக் காத்துக் கிடக்கிறார் என்று பொருள். இந்த ஒரு சோதனை ஆயிரம் 'பொறு'வுக்குச் சமம்.

எல்லாம் சரியாக இருந்தும் எப்போதும் பிந்துகிறவருக்கு பேட்டின் கனத்தைப் பாருங்கள். 30 அவுன்ஸ் பிடித்தவர் 27 அல்லது 28-க்கு இறங்கி, ஒரு வாரம் இதே கயிற்றுப் பயிற்சியைச் செய்து, படங்களை மறுபடி எண்ணிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு சாஃப்ட்பால் பயிற்சியாளர்