என்னை எங்கே கொண்டு வைப்பது?

எனக்கு மறைக்கல்வி சொல்லிக் கொடுத்த, அன்புள்ள உபதேசியார் அண்ணனுக்கு,

போன மாதம் எங்கள் வீட்டில், அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் நடந்தது. பாய் விரித்தேன், பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி எடுத்து வந்து போட்டேன், கட்டன் சாயாவும் முந்திரிக்கொத்தும் கொடுத்தேன். ஜெபம் தொடங்கியதும் வழக்கம்போல அடுக்களைப் பக்கம் போய்விட்டேன். எல்லோரும் போன பிறகு நீங்கள் மட்டும் முற்றத்தில் நின்றீர்கள். என் தோளில் கை வைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டீர்கள்: "மக்களே, நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன்ன எங்க கொண்டு வைக்கது?"

அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். வேறு யாராவது கேட்டிருந்தால் கோபம் வந்திருக்கும். நீங்கள் கேட்டதால் தூக்கம்தான் போனது. அதற்கான பதிலை இப்போது எழுதுகிறேன். நாலு பேர் படிக்கும் இடத்தில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. என்னைப்போல் கடவுள் நம்பிக்கை போயும் வாய் திறக்காமல் இருக்கிறவர்கள் நம் பக்கத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே கேள்விதான்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் பெயருக்கு அடுத்து வரும் கேள்வி, "எந்தக் கோயில்?" என்பது. மாதா கோயிலும் கோயில்தான், அம்மன் கோயிலும் கோயில்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம். ஏறக்குறைய சரிபாதி. 1982 மார்ச்சில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மண்டைக்காட்டுக் கலவரம் வந்தபோது எனக்கு ஆறு வயது. அப்பா இரவில் கதவுக்குக் கட்டிலை முட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தே இருந்தார். அந்த நாட்களுக்குப் பிறகு இந்தக் கேள்விக்கு இன்னொரு அர்த்தமும் சேர்ந்துகொண்டது. நீ நம்ம ஆளா, அவங்க ஆளா? எந்தக் கோயிலும் இல்லை என்று சொல்கிறவனை இரண்டு பக்கமும் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்கள்.

எனக்கு நம்பிக்கை போனது சுனாமியில் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது சரியில்லை அண்ணே. 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலில் உங்களோடு சேர்ந்துதான் சடலங்களைத் தூக்கினேன். நீங்கள் ஒவ்வொருவருக்கும் ஜெபம் சொன்னீர்கள், நான் துணியை மூடினேன். அந்த ஜெபம் எனக்கும் தேவைப்பட்டது. அதற்கும் நாலைந்து வருடம் முன்பே நம்பிக்கை போயிருந்தது. ஒரு அக்டோபர் மாதம், வீட்டில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போது, நான் யாரிடமும் பேசிக்கொண்டிருக்கவில்லை என்று தோன்றியது. அவ்வளவுதான். யார்மேலும் கோபம் இல்லை, எந்தப் பங்குச் சாமியாரும் எனக்குக் கெடுதல் செய்யவில்லை. திரும்ப வருமா என்று இரண்டு வருடம் காத்திருந்தேன். வரவில்லை.

தங்கச்சி விஷயம் உங்களுக்குத் தெரியும். அவள் மகனின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனாக நிற்கச் சொன்னாள். பூசையில் எல்லோருக்கும் நடுவில் நின்று, சாமியார் கேட்கக் கேட்க "விசுவசிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். வெறும் வார்த்தைதானே, சொல்லிவிட்டுப் போயேன் என்று அழுதாள். அந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்க்கிறேன், படிக்க வைக்கிறேன், அந்த ஒரு வார்த்தையை மட்டும் கேட்காதே என்றேன். எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. அவள் நம்புகிற ஒன்றை நான் வெறும் வார்த்தையாக நினைத்துச் சொல்லியிருந்தால், அவளை அதைவிட மோசமாக அவமானப்படுத்தியிருப்பேன் என்று இன்றும் நினைக்கிறேன். அதை அவளுக்குப் புரிய வைக்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் ரொம்பக் கஷ்டம். மகளின் பாவாடைக்கு இஸ்திரி போட்டுக் கொடுப்பேன், காணிக்கைக்குச் சில்லறை எடுத்துக் கொடுப்பேன். இரண்டாம் மணி அடித்ததும் தெருவே காலியாகிவிடும். அப்புறம் ஒலிபெருக்கியில் பாட்டு வரும். எல்லாப் பாட்டும் எனக்கு மனப்பாடம். வாய் தானாக முணுமுணுக்கும், பாதியில் நிறுத்திக்கொள்வேன். பூசை விட்டு வரும் கூட்டத்தைப் பார்த்து வாசலில் நிற்கும்போது, பிறந்த ஊரிலேயே விருந்தாளி ஆகிவிட்டதுபோல் இருக்கும். "உங்க அப்பா ஏன் கோயிலுக்கு வரல்ல?" என்று மறைக்கல்வி வகுப்பில் மகளிடம் கேட்டிருக்கிறார்கள். அவள் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறாள். ஒன்பது வயதுப் பிள்ளை எனக்காகப் பொய் சொன்னது, அண்ணே. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்களுக்கு நினைவிருக்கிறதா, பத்து வயதில் எங்களை ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்கு நடத்திக் கூட்டிப் போனீர்கள். அங்கே மணியடிச்சான் பாறை. கீழே கிடந்த ஒரு சின்னக் கல்லை எடுத்து என் கையில் கொடுத்து, "தட்டு மக்களே" என்றீர்கள். தட்டினேன். கோயில் மணியைத் தூரத்தில் கேட்பதுபோல் சத்தம் வந்தது. திரும்பத் திரும்பத் தட்டினேன். விரல் முட்டி வரைக்கும் அதிர்ந்தது. அந்தப் பாறையில் உட்காரவைத்துத்தான் தேவசகாயம் பிள்ளையின் கதையைச் சொன்னீர்கள். நட்டாலத்தில் பிறந்து, அரண்மனை உத்தியோகத்தில் இருந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் அவமானப்படுத்தியதைச் சொல்லும்போது உங்கள் குரல் உடைந்தது. 1752 ஜனவரி 14-இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-இல் வத்திக்கானில் புனிதர் பட்டம் கொடுத்த அன்று நீங்கள் தொலைக்காட்சி முன்னால் முழங்காலில் இருந்தீர்கள். நானும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் கண் கலங்கியது.

அவரோடு என்னை ஒப்பிடவில்லை. என்னை யாரும் அடிக்கவில்லை, ஊரைவிட்டுத் துரத்தவில்லை. ஆனால் ஊரோடு ஒத்துவாழ் என்று அவரிடமும் எத்தனை பேர் கெஞ்சியிருப்பார்கள்! மனசுக்கு உண்மை என்று பட்டதை வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக வைத்திருக்க அவரால் முடியவில்லை. அது நல்ல குணம் என்று பத்து வயதில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்கள்தான். அந்தப் பாடம் என்னை வேறு திசையில் கொண்டுவிட்டது. பாடம் உங்களுடையதுதான்.

நம் மண்ணுக்கு இதுவும் புதிதில்லை. 1907-இல் பூதப்பாண்டியில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா, தான் ஏன் நாத்திகன் என்று பகத்சிங் லாகூர்ச் சிறையில் எழுதிய கட்டுரையைத் தமிழில் கொண்டுவந்ததற்காகக் கைதானவர். இன்று நாகர்கோவிலில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. அவரை மரியாதையாகப் பேசும் நம் ஊர்க்காரர்களுக்குப் பக்கத்து வீட்டில் ஒருவன் அப்படி இருந்தால் மட்டும் சங்கடமாக இருக்கிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். என் உடலை ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குக் கொடுக்க முடிவு செய்திருக்கிறேன். அங்கே முதல் வருடப் பிள்ளைகள் உடற்கூறியல் படிக்கட்டும். கல்லறைத் தோட்டத்தில் எனக்கு ஆறடி தரலாமா கூடாதா என்று கோயில் காரியங்களைப் பேசி முடிவெடுக்கும் பங்குப் பேரவையில் யாரும் சண்டை போட வேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபை உடல்தானத்தைத் தடுக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. நான் செத்த பிறகு வீட்டுக்காரர்கள்தான் தகவல் சொல்லி, தாமதிக்காமல் ஒப்படைக்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் என் கையெழுத்துக்கு மதிப்பில்லை. அந்த நேரத்தில் சொந்தக்காரர்கள் என் மனைவியைச் சுற்றி நின்று என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் வார்த்தைக்கு ஊர் கட்டுப்படும். நீங்கள் அவள் பக்கம் நிற்க வேண்டும். அவள் விரும்பினால் வீட்டில் ஜெபம் வையுங்கள், எத்தனை ஜெபமாலை வேண்டுமானாலும் சொல்லுங்கள். அது அவளுடைய உரிமை. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

இன்னொன்று. இதைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஊரில் ஒருவர் இறந்தால் விட்டுவிட்டு அடிக்கும் துக்க மணியை எனக்கும் அடிப்பீர்களா? சின்ன வயதிலிருந்து அந்த மணி கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு, "யாரு?" என்று கேட்டுக்கொண்டு வாசலுக்கு வருகிறோம் அல்லவா? எனக்காகவும் ஒரு தடவை ஊர் வாசலுக்கு வந்து "யாரு?" என்று கேட்க வேண்டும் என்று ஆசை. கோயிலுக்கு வராதவனுக்கு எதற்கு மணி என்று பேரவையில் யாராவது கேட்டால், குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்குக் கட்டும் தலைக்கட்டு வரியை நான் ஒரு வருடமும் நிறுத்தவில்லை என்று சொல்லுங்கள். கணக்குப் புத்தகத்தில் இருக்கும்.

இந்த ஞாயிறு பூசை முடிந்து போகிற வழியில் வீட்டுக்கு வாருங்கள் அண்ணே. புட்டும் பயறும் செய்யச் சொல்கிறேன். பதிலை அன்றே சொல்ல வேண்டும் என்றில்லை.

இப்படிக்கு,
உங்களிடம் மறைக்கல்வி படித்த மாணவன்